ஒன்பது டப்பாவும் ஒரு மூஞ்சியும்

ஏலே பேராண்டி, குளிச்சிட்டு வாரேன்னு போனவன் முக்கால் மணி நேரமா உள்ள என்னலே பண்ணினே? வழுக்கி விழுந்துட்டானோன்னு உங்க ஆச்சி கதவைத் தட்டவே போயிட்டா. "விழலட்டி, பூசிக்கிட்டிருக்கான்"னு நான்தான் அவளை உக்கார வச்சேன். வா, இப்படித் திண்ணையில உக்காரு. உன் பையைத் தொறந்து பாத்துட்டேன், கோவப்படாதே. காலமெல்லாம் நாட்டு மருந்துக் கடையில பொட்டலம் கட்டினவனுக்கு, மூடின டப்பாவைக் கண்டா கை சும்மா இருக்குமா?

ஒன்பது டப்பா! பூதக்கண்ணாடியை வச்சு ஒண்ணு விடாம வாசிச்சேன். கழுவ ஒண்ணு. கழுவினதைத் தொடைக்க ஒண்ணு. தொடைச்சதை நனைக்க ஒண்ணு. நனைஞ்சதுக்கு மேல சொட்டுச் சொட்டா விட ரெண்டு குப்பி. கண்ணுக்குக் கீழ பூச ஒண்ணு. ஏன், கண்ணுக்குக் கீழ இருக்கிறது வேற ஆளு தோலா? கொரியாவுல பத்துப் படி வைக்காவளாம். நீ ஒண்ணு கொறைச்சலாத்தான் வச்சிருக்கே, சிக்கனக்காரப் பய.

அதுல ஒரு டப்பாவுல கெழவி படம் போட்டு 'பாட்டியின் ரகசியம்'னு எழுதியிருக்கான். ஆச்சிகிட்ட காட்டினேன். உத்துப் பாத்துட்டு, "இவளுக்கு நாப்பதுக்கு மேல இருக்காது, தலையில மாவை அப்பியிருக்கா"ன்னுட்டா. எங்க காலத்துல பாட்டிகிட்ட ரகசியம்னு எதுவும் கெடையாது. இருந்திருந்தா ஊருக்கே சொல்லியிருப்பா.

சரி, உன் மூஞ்சிக்கு வருவோம். அதுக்குத் தினமும் தேவைப்படுத வேலை மூணே மூணுதான். கழுவணும், ஈரத்தைப் புடிச்சு வைக்கணும், வெயிலை மறைக்கணும். மிச்சம் பூராவும் உன் ஆசை. ஆசை வேண்டாங்கலை, ஆனா அதை அவசியம்னு சொல்லி அம்மாகிட்ட துட்டு வாங்காதே.

காலையில ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு தடவை கழுவு. நடுவுல வேர்த்தா வெறும் தண்ணி போதும். நீ எண்ணெய் வழியுதுன்னு நாளைக்கு நாலு தடவை நுரை கட்டித் தேய்க்கே, அப்புறம் கன்னம் எரியுதுங்கே. எரியாம என்ன செய்யும்? தோல் இயல்புலேயே கொஞ்சம் புளிப்பு. பி.எச்.னு ஒரு அளவு இருக்கு. ஏழு நடு, அதுக்குக் கீழ புளிப்பு, மேல காரம். நம்ம தோல் அஞ்சை ஒட்டி நிக்கும். சாதாரண சோப்பு ஒன்பது, பத்துன்னு நிக்கும். நாலு தடவை அந்தக் காரத்தைப் போட்டா தோல் தன் புளிப்பை எப்பத்தான் மீட்டு எடுக்கும்? அதனால மூஞ்சிக்கு மட்டும் சோப்பு கலக்காத, நுரை கொறைஞ்ச பேஸ்வாஷா வாங்கிக்கோ.

உடம்புக்கு சோப்பு போட்டுக்கோ, வேண்டாங்கலை. ஆனா வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாரு. டி.எஃப்.எம்.னு ஒரு கணக்கு போட்டிருப்பான், கொழுப்புச் சத்து எவ்வளவுன்னு. 76க்கு மேல இருந்தா முதல் தரம், 70 இருந்தா ரெண்டாம் தரம், 60 மூணாம் தரம். மல்லிகை, ரோஜான்னு முன்னால கொட்டை எழுத்துல போடுதவன், இந்த நம்பரை மட்டும் மடிப்புக்குள்ள ஒளிச்சு வைப்பான். யாவாரம்னா அப்படித்தான், நானும் யாவாரிதான்.

அந்த ஸ்க்ரப்பு டப்பாவை மட்டும் இங்கேயே வச்சிட்டுப் போ. அக்ரூட் ஓட்டை அரைச்சுப் போட்டிருக்கானாம்! நம்ம தோலோட மேலடுக்கு ஓட்டுக்கூரை மாதிரிலே. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்து, இடையில எண்ணெய்ப் பசை பூசி, உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகாம, வெளிய இருக்கிறது உள்ள வராம காக்கும். நீ தினமும் அது மேல ஏறி நடந்தா ஓடு நிக்குமா? செத்த தோல் தானா உதிரும். அடியில முளைச்சது மேல வந்து உதிர ஒரு மாசம் போல ஆகும். உன் அவசரத்துக்கு அது ஓடாது.

கழுவிட்டுத் துண்டை வச்சு அரக்கித் தேய்க்காம ஒத்தி எடு. மூஞ்சி கொஞ்சம் ஈரமா இருக்கும்போதே மாய்ஸ்சரைசரைப் பூசு. முழுசாக் காய விட்டுட்டுப் பூசினா புடிச்சு வைக்க ஈரம் எங்க இருக்கு? உனக்கு எண்ணெய் வழியுத மூஞ்சி, அதுனால கிளிசரின் போட்ட ஜெல் மாதிரி லேசானது போதும். வறண்ட தோல்காரன்னா கெட்டியாப் பூசலாம். தேங்காயெண்ணெய் பூசலாமான்னுதானே கேக்கே? கை காலுக்குத் தாராளமாப் பூசு. பரு வர்ற மூஞ்சிக்கு வேண்டாம், துவாரத்தை அடைச்சிரும். இதை நான் சொன்னேன்னு ஆச்சிகிட்ட சொல்லிராதே. ரசத்துக்குத் தாளிக்காம விட்டுருவா.

இப்ப வெயில். இதுலதான் நீ சுத்த மோசம். ராத்திரிக்கு அஞ்சு டப்பா வச்சிருக்கே, பகல்ல பைக்குல ஊர் பூரா சுத்துத பய, வெயிலுக்குப் பூசுத சன்ஸ்கிரீனைப் பட்டாணி அளவு தொட்டு மூக்குல வைக்கே. சாமிக்குத் திருநீறு பூசிக்கிடுதியா? ஆள்காட்டி விரல்லயும் நடு விரல்லயும் நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கணும். அதுதான் மூஞ்சிக்கும் கழுத்துக்கும். காதை மறந்துராதே. வெளியிலேயே நின்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசணும். வேர்வையில அது நிக்காது.

எஸ்.பி.எஃப்.னு போட்டிருக்கிற நம்பர் தோலைச் சுட்டுச் செவக்க வைக்கிற கதிருக்கு. 30னா நூத்துக்கு 97 பங்கைத் தடுக்கும், 50னா 98. ஒரு பங்குக்கு எவ்வளவு ரூவா கூடக் கேக்கான்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. ஆனா உன்னை மாதிரி கஞ்சமாப் பூசுதவனுக்கு அந்த நம்பர்ல பாதிகூடக் கிடைக்காது. இன்னொரு கதிர் இருக்கு. அது சுடாது, சத்தமில்லாம உள்ள போயி கறுப்புத் திட்டும் சுருக்கமும் கொண்டாந்து வைக்கும். மேகத்துலயும் வரும், கார்க் கண்ணாடி வழியாவும் வரும். அதுக்குத்தான் பி.ஏ.ன்னு எழுதி பக்கத்துல கூட்டல் குறி போடுதாவ. குறி கூடினா காவல் கூடும். பூசினா வெள்ளை வெள்ளையாத் தெரியுதுன்னா வேற கம்பெனியைப் பாரு. நம்ம நிறத்துக்கு ஒத்துப்போறது இப்ப நெறைய வருது. இதெல்லாம் போக முழுக்கைச் சட்டையும் தொப்பியும் இருக்கு. நாத்து நட்ட பொம்பளைக புருசன் சட்டையை மேல மாட்டி, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு எறங்கினாவளே, அவுகளுக்கு யாரும் விளம்பரம் காட்டலை.

சவரம் பண்ணும்போது முடி சாய்ஞ்ச போக்குலேயே பிளேடை இழு. எதிர்த்து இழுத்தா வழவழன்னு இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு முடி உள்ளுக்கே சுருண்டு பொரிப் பொரியாக் கெளம்பும். அதைப் பருன்னு நெனச்சு இன்னும் ரெண்டு டப்பா வாங்குவே. கீறல் விழுந்தா படிகாரக் கல்லை நனைச்சு ஒரு தடவு. எரிச்சல் அடங்கினதும் மாய்ஸ்சரைசர். படிகாரம் மலிவு. அதனாலதான் உனக்கு அது மேல மரியாதை இல்ல.

இவ்வளவு சொல்லுதானே, கெழவன் இயற்கைக் கட்சியோன்னு நெனச்சிராதே. கம்பெனிக்காரன் புளுகுத மாதிரியே எங்க ஆளுகளும் புளுகுவாவ. இயற்கைன்னா கெடுதி இல்லையாம்! சேங்கொட்டைப் பாலைத் தடவிப் பாரு, கொப்பளிச்சுப் போயி ஆஸ்பத்திரியில கெடப்பே. அதுவும் மரத்துல காய்க்கிறதுதான். எலுமிச்சம்பழத்தை மூஞ்சியில தேய்ச்சிட்டு வெயில்ல போனியானா சுட்ட காயம் மாதிரி கறுத்துப் போகும். அந்தச் சாறும் வெயிலும் சேந்தா ஆகாது. நலங்கு மாவு வேணும்னா போடு. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் நல்ல சரக்கு. ஆனா மிஷின்ல கொரகொரன்னு அரைச்சதை அப்படியே தேய்க்காம, வஸ்திரகாயம் பண்ணிப் போடு. மெல்லிசுத் துணியில சலிக்கணும்லே. கஸ்தூரி மஞ்சள்னு பளீர்னு மஞ்சளா ஒண்ணு குடுத்தா யோசி. அசல் சரக்கு வெளிறி இருக்கும், கற்பூர வாசம் தூக்கும். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

இன்னொண்ணு கேளு. உன் மூட்டையில எட்டு டப்பாவுக்கு நான் சிரிச்சேன், ஒண்ணுக்குச் சிரிக்கலை. அந்தச் சின்ன ட்யூப். பீட்டாமெதசோன்னு எழுதியிருக்கு. யாருலே குடுத்தா? ரூம்மேட்டா? அவன் எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சான்? அது ஸ்டீராய்டு. பூசின நாலு நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆகும், அப்பத்தான் நீ வலையில விழுவே. மாசக் கணக்குல போனா தோல் மெலிஞ்சு, செவப்பு நரம்பு தெரியும். பரு குலை குலையா வரும். வேண்டாத எடத்துல முடி முளைக்கும். நிப்பாட்டினா எரியும், எரியுதேன்னு திரும்பப் பூசுவே. 2018லயே டாக்டர் சீட்டு இல்லாம இந்த வகை க்ரீம்களை விக்கக்கூடாதுன்னு சட்டத்துல சேத்துட்டாவ. சீட்டு கேக்காம குடுத்தவன் உனக்கு உபகாரம் பண்ணலை.

செவப்பாகணும்னு சொல்லி கடைக்கு வந்து என் காதுல குசுகுசுத்தவங்க எத்தனையோ பேர், பெரும்பாலும் கல்யாணம் பேசுத வீட்டுக்காரங்க. "செவக்கலாம், ரெண்டு தலைமுறை ஆகும், பரவாயில்லையா"ம்பேன். என்னைத் திட்டிட்டு அடுத்த கடைக்குப் போவாவ. 1975ல ஃபேர் அண்ட் லவ்லின்னு ஒரு க்ரீம் வந்தது. வீட்டுக்கு வீடு கண்ணாடிக்குப் பக்கத்துல அது இருந்தது. 2020ல பேரை மாத்தி க்ளோ அண்ட் லவ்லின்னு ஆக்கிட்டாவ. பேரு மாறிட்டு, பொண்ணு பாக்கப் போறவன் கண்ணு மாறலை. அது போகட்டும், பேரு ஊரு இல்லாம ஆன்லைன்ல வருதே வெளுக்கிற க்ரீம், அதுல சிலதுல பாதரசம் இருக்கு. பாதரசத்தோட குணம் நாட்டு மருந்துக்காரனுக்குத் தெரியும், வெளையாட்டுச் சரக்கு இல்ல. 2023ல மலப்புறத்துப் பக்கம் சிறுநீரகம் கெட்டுப் போயி வந்தவங்களை டாக்டர்மார் துருவித் துருவி விசாரிச்சா, கடைசியில இந்த மாதிரி க்ரீம்லதான் போயி நின்னுது. கன்னம் வெளுக்கப் போயி கிட்னியைக் குடுத்த கதை.

புதுசா எதையாவது பூசியே ஆகணும்னா ஒரு நேரத்துல ஒண்ணு. முதல்ல முன்கை உள்பக்கம் ரெண்டு மூணு நாள் தடவிப் பாரு. அரிப்பு இல்லைன்னா மூஞ்சிக்கு ஏத்து. ஒரு மாசத்துக்கு மேல பொறுத்துப் பாரு. நாலும் சேத்துப் பூசிட்டு எது கடிச்சதுன்னு கேட்டா நான் என்ன குறியா சொல்லுவேன்? அந்த ரெட்டினால் குப்பி ராத்திரிக்கு மட்டும், அதுவும் வாரத்துக்கு ரெண்டு நாள்ல ஆரம்பிக்கணும். உன் அக்கா மாசமா இருக்கா. "நானும் கொஞ்சம் போட்டுக்கிடுதேன்"னு வந்தா குடுத்துராதே, மாசமா இருக்கிறவங்க அதைத் தொடக்கூடாது.

பரு குழி விழுந்து தழும்பாகுது, மங்கு பரவுது, படர்தாமரை விட்டு விட்டு வருதுன்னா என்கிட்டயும் வராதே, டப்பாகிட்டயும் போகாதே. தோல் டாக்டர்கிட்ட போ. போகும்போது ஒன்பதையும் எடுத்துக்கிட்டுப் போயி மேசை மேல வரிசையா வையி. டாக்டரும் மனுசன்தானே, செத்த நேரம் சிரிக்கட்டும்.

அடுத்த தடவை வரும்போது மறக்காம ஒண்ணு வாங்கிட்டு வா. மருந்துக் கடையில யூரியா க்ரீம்னு கேளு. ஆமாலே, வயலுக்குப் போடுத அதே யூரியாதான், சுத்தம் பண்ணி க்ரீமாக் கொழைச்சது. நூத்துக்குப் பத்துன்னா வறண்ட தோலுக்கு, அதுக்கும் மேல இருந்தா குதிகால் வெடிப்புக்கு. கூடினதுல ரெண்டு ட்யூப், ஆச்சிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. யூரியாங்கிற பேரைக் கேட்டுட்டு உரக்கடையில போயி நின்னுராதே. அங்க 45 கிலோ மூட்டையாத்தான் குடுப்பான், அதுக்கு ஆதாரும் கேப்பான்.