போல்ட் போட்டால் போதுமாம்!

கேள்வி: 1976 கார்வெட் வைத்திருக்கிறேன். முன் பம்பர் அலையலையாக நெளிந்துவிட்டது. ஃபைபர்கிளாஸ் பம்பர் விற்பவர், ‘நாலு போல்ட் போட்டால் முடிந்தது’ என்கிறார். நம்பலாமா?

பதில்: போல்ட் விஷயத்தில் நம்பலாம். முடிந்தது என்கிறாரே, அங்கேதான் ஆரம்பமே. மெதுவாக இடித்தால் முகம் சிதையக் கூடாது என்று 1973 மாடல்களிலிருந்து அமெரிக்க அரசு விதி போட, செவர்லே முன்பக்கத்துக் குரோம் பம்பரைக் கழற்றிவிட்டு யூரித்தேன் உறை மாட்டியது. பின்பக்கத்துக்கு அது 1974-இல் வந்தது, நடுவில் இணைப்புத் தெரிய இரண்டு துண்டாக. அரை நூற்றாண்டு வெயிலில் யூரித்தேன் நெளியாமல் என்ன செய்யும்? ஃபைபர்கிளாஸ் நெளியாது. ஆனால் வளைந்தும் கொடுக்காது. கொஞ்சம் குறைகிறதே என்று போல்ட்டை முறுக்கி இழுத்தால், பட்டென்று விரிசல்.

கேள்வி: அச்சில் வார்த்த சாமான்தானே, எப்படிப் பொருந்தாமல் போகும்?

பதில்: அச்சை எந்தக் காரிலிருந்து எடுத்தார்கள்? அளவு ரவிக்கை பக்கத்து வீட்டு அம்மாளுடையது என்றால் தையற்காரரைத் திட்டிப் பயனில்லை. அந்தக் கார் ஏற்கெனவே இடிபட்டுத் தேறியதாகவும் இருக்கலாம். அடுத்தது ரெசின். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும். உள்ளிருக்கும் கண்ணாடி இழை அதைப் பெருமளவு பிடித்து நிறுத்தும், முழுதாக அல்ல. அடுத்த ஆர்டர் காத்திருக்கிறது என்று அரைகுறையாய் இறுகியதை அச்சிலிருந்து உரித்து, சுவரில் சாய்த்துவைத்தால் அது சாய்ந்த வாக்கிலேயே படிந்துவிடும்.

இன்னொரு சந்தேகம் யாருக்கும் வருவதில்லை: கோணல் பம்பரிலா, காரிலா? உங்கள் காரின் உடலும் ஃபைபர்தான். முன் ஃபெண்டரும் பின் பக்கவாட்டும் ஒட்டியவை, நகராது. கதவு, பானெட், தலைவிளக்கு மூடி, பம்பர் இவைதான் நகரும். உடல் ஒரு ஃபிரேமின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இடையில் ஷிம் தகடுகள். அவை துருப்பிடித்துக் கரைந்திருந்தால் கதவின் இடைவெளியே மாறிப்போகும். ஆகவே காரைச் சக்கரத்தில் நிற்கவிட்டு (ஜாக்கில் தூக்கிவைத்துப் பார்க்கிற இடைவெளி வேறு), கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. முதலில் அது, பிறகு கதவு, பிறகு பானெட், கடைசியில்தான் பம்பர். எல்லாரும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள், பார்சல் பிரித்த ஆசை.

கேள்வி: பானெட்டின் ஒரு மூலை மட்டும் தூக்கி நிற்கிறது.

பதில்: புது ரப்பர் போட்டீர்களா? தடித்த ரப்பர் மூலையைத் தூக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். அரத்தை எடுக்க அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: பெயிண்டர், ‘பட்டி பார்த்துச் சரிபண்ணிடலாம்’ என்கிறார்.

பதில்: மேடு பள்ளத்துக்குப் பட்டி, சரி. ஓரத்தை நீட்டப் பட்டி என்றால் முதல் தடவை கதவை அறைந்து சாத்தும்போதே உதிரும். குறைகிற ஓரத்தில் ரெசினும் இழையும் வைத்து வளர்க்க வேண்டும். அதற்கு முன் ரப்பர், பூட்டு, விளக்கு எல்லாவற்றையும் மாட்டி ஒத்திகை பாருங்கள். உங்கள் காரின் விளக்கு வேக்குவத்தில் எழும்பும். எழும்பும்போது பம்பரில் உரசுகிறதா என்று பார்த்தாக வேண்டும். பெயிண்ட் அடித்தால் இரண்டு பக்க ஓரமும் தடிக்கும், அதற்கும் இடம் விடுங்கள். அச்சில் தடவிய மெழுகைக் கழுவாமல் பெயிண்ட் அடித்தால் மீன்கண் போல் குழிகுழியாக வரும்.

கேள்வி: ஜப்பானில் நகாய் என்பவர் போர்ஷேவின் ஃபெண்டரையே அறுத்து, மேலே அகலமாக ஒன்றைப் பொருத்துகிறாரே?

பதில்: அகிரா நகாய். ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதால் ஓரத்தோடு ஓரம் சேர வேண்டிய அவசியமே இல்லை. கெட்டிக்காரத்தனம்தான். அறுத்த ஃபெண்டர் திரும்ப முளைக்காது என்பதை மட்டும் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கடைசியில் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும்?

பதில்: எண்ணைவிடச் சீர்தான் முக்கியம். ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகினால் கண் உடனே பிடிக்கும்; ஒரே சீராய் அகலமாக இருந்தால் கவனிக்காது. 1953-இல் ஃபிளின்ட் நகரில் 300 கார்வெட்டைக் கையால் கட்டிய நாள்முதல் தொழிற்சாலையே இந்த விஷயத்தில் தாராளமாகத்தான் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் கார்வெட் புதுப்பிப்போர் சங்கப் போட்டியில், கார் தொழிற்சாலையை விட்டு வந்தபடி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அங்கே போனால் வெளிப் பம்பர் மாட்டியதற்கும் மதிப்பெண் குறையும், அளவுக்கு மீறி நேர்த்தியாக மாட்டியதற்கும் குறையும்.