48 வோல்ட் அண்ணன்

கோயில் மண்டபமோ, மார்கழிக்கு மட்டும் உயிர்பெறும் குட்டி சபாவோ, மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் இருப்பார். சட்டைப்பையில் டெஸ்டர், மணிக்கட்டில் வளையல்போல இன்சுலேஷன் டேப், எதிரே மிக்ஸர். மைக் செட்காரர் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரமான ஃபேன்டம் பவர் பழகிய நாள்முதல் அவர் சவுண்ட் இன்ஜினியர்.

அந்தப் பவருக்காக மிக்ஸரில் 48 வோல்ட் என்று எழுதிய பொத்தானைத் தொடும் உரிமை அவருக்கு மட்டுமே. அதென்ன கணக்கு என்று கேட்டால், "சும்மாவா வச்சான்? ஒரு மண்டலம் சார்!" என்பார். நடந்தது வேறு. 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்குக் கண்டென்ஸர் மைக் செய்து கொடுத்தபோது, அங்கே ஸ்டுடியோவின் அவசரகால விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் கொடுத்தார்கள். விளக்குக்கு வந்த மின்சாரம் என்று சொன்னால் அண்ணனின் மதிப்பு என்னாவது?

வந்ததும் முதல் வேலை, பொத்தானை அமுக்குவது. பாடகர் முன்னால் நிற்பது ஷூர் எஸ்எம்58; டைனமிக் மைக். அதற்கு இந்தப் பவர் வேண்டவே வேண்டாம். "பவர் குடுத்தா குரல் கனமா வரும்ணே," என்பார். கேபிளின் 2, 3 ஆகிய இரண்டு பின்களிலும் ஒரே அளவு வோல்ட் வருவதால் உள்ளிருக்கும் சுருளில் மின்னோட்டமே பாயாது. மைக்குக்கு விஷயமே தெரியாது. ஆனால் பாடகர் கண்ணை மூடி, "ஆமா, இப்பத்தான் நல்லாருக்கு," என்பார். பாதி வித்வான்களுக்கு இந்த நம்பிக்கை போதும், நானும் கெடுப்பதில்லை.

வயலினுக்கு வைத்த கண்டென்ஸருக்குத்தான் பவர் நிஜமாகவே வேண்டும். சேனலை மியூட் செய்து, பொத்தானை அமுக்கி, சில விநாடி பொறுத்துத் திறக்க வேண்டும். அண்ணன் அன்று பார்த்து அமுக்க மறந்திருப்பார். சத்தம் வரவில்லையே என்று ஃபேடரை உச்சிவரை ஏற்றுவார். அப்புறம்தான் பொத்தான் ஞாபகம் வரும். டொம்! முன்வரிசை மாமியின் விசிறி கீழே விழும். மிருதங்கக்காரர் தன் கைகளைச் சந்தேகமாகப் பார்ப்பார். அண்ணன் நிதானமாக உதவிக்கு வந்த பையன் பக்கம் திரும்புவார்: "வயர மிதிக்காதன்னு சொன்னனா இல்லையா?"

சின்ன மிக்ஸரில் எல்லாச் சேனலுக்கும் ஒரே பொத்தான். வயலினுக்குக் கொடுத்தால் எலெக்ட்ரானிக் தம்பூராவுக்கும் போகும். அதன் இயர்ஃபோன் ஓட்டையிலிருந்து அண்ணன் கைப்படப் பற்றவைத்த வயர் நேரே மைக் பின்னில் ஏறியிருக்கும். நடுவே பவரைத் தடுக்கும் ஒரு டிஐ பாக்ஸ் இருந்தால் தொல்லையில்லை. அது இருந்தால் அவர் அண்ணனுமில்லை. தம்பூரா ஒருநாள் ஊமையாகும். "சைனா ஐட்டம்ணே," என்று தீர்ப்பு வரும்.

ரெகார்டிங் பழகும் தம்பி ஒருவன் ரிப்பன் மைக்கோடு வந்தால்தான் அண்ணனுக்குச் சோதனை. அதிலிருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள அலுமினியப் பட்டை. வயரிங் ஒழுங்காக இருந்தால் பல ரிப்பன்கள் இந்தப் பவரையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அண்ணன் கேபிளில் ஒரு பின்னின் வயர் சால்டர் விட்டு எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பின்னும் சமமாக இல்லாத அந்தக் கணம், மைக்கின் டிரான்ஸ்ஃபார்மர் வழியே ரிப்பனுக்கு ஓர் உதை விழும். பவர் இருக்கும்போதே செருகினாலும் இதே ஆபத்து. பாய்வதென்னவோ பின்னுக்கு 7 மில்லிஆம்பியர்தான். அண்ணனுக்கு அது தூசி, ரிப்பன் தொய்ந்துவிடும்.

விவரமான தம்பி சொந்தக் கேபிள் கொண்டுவருவான். "அண்ணே, இது முடியறவரை 48 வேணாம்ணே," என்று கெஞ்சி, பொத்தானை அணைத்து, அவர் மணிக்கட்டிலிருந்தே டேப் கிழித்து அதன்மேல் ஒட்டுவான். கையைக் கட்டிப்போட்டதுபோல் அண்ணன் உட்கார்ந்திருப்பார். காரணம் கேட்டு வரும் செக்ரட்டரியிடம் எஸ்எம்58-ஐத் தூக்கிக் காட்டுவார்: "அது வீக்கு பாடி சார், கரண்ட் தாங்காது. நம்ம மைக்கப் பாருங்க. எத்தன வருஷமா குடுக்கறேன், கல்லு மாதிரி நிக்குது!"