ஒழுகுகூரையியல்: பேராக் மாநிலத் தகரக் கூரைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கூரை ஒழுகினால் கீழே வாளி வைப்பது நம் மரபு. வாளி நிறைந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு. ஒழுகலுக்குக் காரணம் மழை என்ற பொதுநம்பிக்கையை மறுத்து, உண்மைக் குற்றவாளி வெயிலே என்று நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. ஏணி மட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் உபயம்.

1. ஆய்வுக் களம்

இத்துறைக்குப் பேராக்கைவிடப் பொருத்தமான மாநிலம் கிடைப்பது அரிது. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. இன்றைக்கு மழை வருமா, வராதா என்று அவ்வூரார் ஒரு காலத்தில் பந்தயம் கட்டினார்கள் என்பது நாடறிந்த செய்தி. ஈப்போவில் அவ்வளவு இல்லை. ஆனால் கொடியில் துணி காயும் பிற்பகலாகப் பார்த்து இடியோடு இறங்கும்.

ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளே ஒழுகுபவைதாம். பேராக் தோங், கெக் லோக் தோங் குகைகளில் மேலிருந்து கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்து வந்து, சொட்டுச் சொட்டாகக் கல் விழுதுகளை வளர்த்திருக்கிறது. அங்கே போய் நின்று ஒழுகலைப் படம் பிடித்து மகிழும் குடும்பம், தன் வீட்டுச் சமையலறையில் ஒரு சொட்டு விழுந்தால் முகம் சுளிக்கிறது. இந்த முரண்பாடு தனி ஆய்வுக்கு உரியது.

2. வரலாற்றுப் பின்னணி

இரும்புத் தகட்டை நெளிநெளியாக மடித்தால் வலுப்பெறும் என்பதற்கு 1829-இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ராபின்சன் பால்மர். இரும்பின் மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837-இல் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் ஸ்தனிஸ்லாஸ் சோரெல். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும் தியாகி. இவ்விருவரின் கூட்டு முயற்சி, இருவருக்கும் தெரியாமலே, நம் லயத்து வீடுகளின் தலைமேல் வந்து அமர்ந்தது. அத்தாப்புக் கூரை போல் அது தீப்பிடிக்காது. பகலில் உள்ளே இருக்க முடியாது, மழையில் உள்ளே பேச முடியாது என்பவை சிறு குறைகள்.

இதே காலகட்டத்தில், 1823-இல், சார்ல்ஸ் மெக்கிண்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக்கோட்டுத் துணி செய்தார். உலகம் நனையாமல் இருக்க ரப்பர் தேவை என்று ஆயிற்று. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு டயரும் வந்தது. பேராக் முழுக்கத் தோட்டங்கள் வந்தன. அவற்றுக்கு நாமும் வந்தோம். உலகத்தை நனையாமல் காக்கும் பொருளை விடியற்காலையில் மரத்திலிருந்து இறக்கியவர்கள், சாயங்காலம் வீட்டில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்தார்கள். மெக்கிண்டாஷ் இதற்குப் பொறுப்பல்ல.

கூரை பற்றிய புகார் மண்டோரிடம் போகும். மண்டோர் கிராணியிடம் சொல்வார். கிராணி துரையிடம் சொல்ல நல்ல வேளை பார்ப்பார். அதற்குள் வெயில் அடித்துவிடும். வெயிலில் எந்தக் கூரையும் ஒழுகாது. ஆகவே புகார் காலாவதியாகும். சுங்கை சிப்புட்டின் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களை வாங்கித் தொழிலாளர்களைப் பங்குதாரர்கள் ஆக்கியது. துரையிடம் சொல்ல வேண்டியதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் உரிமை அவ்வாறு கிடைத்தது. 1990-இன் 446-ஆவது சட்டம் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்தது. அதற்குள் பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்து, சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டி, அதன் மேல் தகரம் போட்டுக்கொண்டார்கள். தகரம் சுவரைத் தொடும் இடத்தில் ஒழுகல் தொடர்ந்தது. மரபு அறுபடவில்லை.

3. தத்துவ விசாரம்

ஓட்டையும் சொட்டும் ஒன்றே என்பது அத்துவைதம். சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலே கைகாட்டி, அங்கே பூசு என்று கீழே நின்று ஆணையிடும் மாமாக்கள் இந்நெறியினர். ஓட்டை வேறு, சொட்டு வேறு என்பது துவைதம். கூரைமேல் ஏறியவர்கள் எல்லாரும் இறங்கும்போது துவைதிகளாகவே இறங்குகிறார்கள். நீர் மேட்டில் ஓர் ஆணித் துளையில் நுழைந்து, தகரத்தின் அடியிலோ கட்டையிலோ ஊர்ந்து, தனக்குப் பிடித்த இடத்தில் விழுகிறது. அந்த இடம் பெரும்பாலும் அரிசி மூட்டை.

அந்தத் துளை எப்படி வந்தது? இங்கேதான் நம் கருதுகோள் நிற்கிறது. 3 மீட்டர் நீளத் தகரம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். நாள்தோறும் இப்படி இழுத்து விட்டால், எந்த ஆணியும் தளரும். அதன் வாஷரும் வெயிலில் காய்ந்து வெடிக்கும். ஓட்டை போட்டது வெயில். மழை வந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். நாம் திட்டுவதோ சாட்சியை.

4. மூன்று மார்க்கங்கள்

தார் மார்க்கம் தொன்மையானது, மலிவானது. கறுப்பு நிறத்தால் தார் வெயிலை ஈர்த்துக் காய்ந்து வெடிக்கும். அடுத்த ஆண்டு அதன் மேல் இன்னொரு தார். ஓட்டைக்கு மேல் வரலாறு படிவதை இம்மார்க்கத்தில் கண்ணால் காணலாம்.

சிலிக்கோன் மார்க்கத்தார் துப்பாக்கி ஏந்தியவர்கள். காடி வாடை அடிக்கும் சிலிக்கோன் துத்தநாகத்தை அரிக்கும் என்பதால் நியூட்ரல் வகையே தகரத்துக்கு ஆகும். எதுவானாலும் ஒருமுறை பூசிவிட்டால் அதன் மேல் வேறு பூச்சு ஒட்டாது. மதம் மாற முடியாத மார்க்கம்.

நாடா மார்க்கம் புதியது. விளம்பரத்தில் கிழிந்த படகையே ஒட்டுகிறார்கள். நம் கூரையில் ஒட்டாததற்குக் காரணம், அடியிலுள்ள தூசியும் துருவும் பாசியும் விளம்பரத்தில் நடிக்கவில்லை.

5. பரிகார காண்டம்

முதலில் கழுவுதல், பிறகு நன்றாகக் காய விடுதல். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு தடுக்கும் பிரைமர் அடித்தல். தளர்ந்த ஆணியைப் பிடுங்கி, அதைவிடத் தடித்த திருகாணியை ரப்பர் வாஷரோடு முடுக்குதல். இணைப்புகளில் வலைத்துணி வைத்துப் பூசுதல். கடைசியில், நெகிழும் அக்ரிலிக் பூச்சை ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக இரண்டு கை அடித்தல். வெள்ளை நிறமானால் உத்தமம். சூடு குறையும், தகரத்தின் நீட்சியும் குறையும். பழைய கூரை அஸ்பெஸ்டாஸ் ஆனால் தேய்க்கவும் துளைக்கவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

நம் ரப்பர் பாலையே பூசினால் என்ன என்று சிலர் கேட்கலாம். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை வெயிலும் ஓசோனும் தாக்கி வெடிக்க வைக்கும். அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஓட்டுகிறவர்களில் பலர், கூரைக்கு ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் விரிப்பைப் போர்த்துகிறார்கள். அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஆனால் அங்கும் ஜன்னல் ஓரத்திலும் திருகாணித் தலையிலும் ஒழுகுகிறது. அவர்களும் கூரைமேல் ஏறுகிறார்கள். அந்த விரிப்பின் மேல் தார் பூசினால் ரப்பர் உப்பிக் கெடும் என்பதால், தார் மார்க்கத்தாருக்கு அங்கே விசா கிடையாது.

6. முடிவுரை

தீபாவளி வருகிறது என்று அக்டோபரில் வீட்டுக்குச் சாயம் அடிக்கிறோம். விருந்தாளி பார்க்கும் முன்சுவருக்கு இரண்டு கை, கூரைக்கு ஒன்றுமில்லை. அப்போது ஈப்போவில் மழை உச்சத்தில் இருக்கும். ஈரத் தகரத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. கூரை ஒழுகாத நாளில்தான் கூரையைப் பழுதுபார்க்க முடியும் என்பதே இவ்வாய்வு கண்டறிந்த ஒரே உண்மை. ஆகவே சாயக் காசில் ஒரு டின்னுக்கு உரியதை முன்கூட்டியே எடுத்து, ஜூன், ஜூலையில் கூரைக்குச் செலவிடுங்கள். ஏறும்போது தகரத்தின் நடுவில் மிதிக்காமல், கட்டை இருக்கும் ஆணி வரிசையில் கால் வையுங்கள். ஏணியைப் பிடிக்க மாமாவைக் கூப்பிடுங்கள், ஆலோசனை கேட்காதீர்கள்.