பந்திக்கு முந்து, கச்சேரிக்குப் பிந்து

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லிவைத்த முன்னோர் கச்சேரிக்கு எப்போது போகவேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நாமாக யோசித்துக் கச்சேரியைப் படையோடு சேர்த்துவிட்டோம். செட்டிநாட்டுப் பக்கம் திருவிழா நோட்டீஸ் எதை எடுத்துப் பார்த்தாலும் வரிசை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்: மாலை 5 மணிக்கு மங்கள இசை, 6 மணிக்கு உள்ளூர் நடனப் பள்ளிப் பிள்ளைகளின் பரதம், 7 மணிக்கு யாரும் கேள்விப்படாத ஒருவரின் பாட்டு, 9 மணிக்குத் தொலைக்காட்சிப் புகழ் ஒருவரின் மாபெரும் இன்னிசைக் கச்சேரி. கடைசிப் பெயருக்குத்தான் புகைப்படமும் கொட்டை எழுத்தும். முதல் மூன்றும் உபயதாரர் பட்டியலுக்கு அடியில், அச்சகத்தின் பெயரைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். இரவுச் சாப்பாட்டை முடித்து எட்டேமுக்காலுக்குக் கிளம்புகிற குடும்பம் நேரம் தவறாமல் போவதாகவே நினைத்துக்கொள்கிறது. நான் சொல்ல வருவது, அந்தக் குடும்பம் கேட்டிருக்கவேண்டிய ஆள் அதற்குள் பாடி முடித்து, வேனில் ஏறிப் பாதி வழி போயிருப்பார் என்பதுதான்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் சங்கீத சபாக்களைவிட அரசியல் மேடைகளே நல்ல சாட்சி. தலைவருடைய கார் எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று மேடையில் இருப்பவர்களுக்கே தெரியாத நேரத்தில், கலையத் துடிக்கும் கூட்டத்தைப் பாட்டால் கட்டிப்போடுவது ஒரு தனித் தொழில். தி.மு.க. மேடைகளில் நாகூர் இ.எம். ஹனிபா அதைத்தான் செய்தார். கம்யூனிஸ்ட் மேடைகளில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் செய்தார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பேச்சைவிட அவருடைய பாட்டுத்தான் அதிக வாக்குச் சேர்த்தது என்று சொல்வோர் உண்டு. பின்னர் அவருடைய குழுவில், குரல் உடைவதற்கு முன் பெண் குரலில் பாடிக்கொண்டும் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டும் ஒரு தம்பி இருந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது தமிழ்நாடு அவரை இளையராஜா என்று கண்டுபிடித்தது. விலைவாசி உயர்வு பற்றிய பேச்சைக் கேட்கத் தெரியாத்தனமாகச் சீக்கிரம் வந்து உட்கார்ந்தவர்கள் அவரைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தார்கள். அன்று பேசிய பேச்சாளர்கள் பெயரை இன்று யாரும் கேட்பதில்லை. 1947 ஆகஸ்ட் 14 அன்றும் இதுவேதான் நடந்தது. நள்ளிரவில் நேரு பேசிய பேச்சு எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அன்று மாலை திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய குழுவோடு போய் டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த நாகஸ்வரம் எந்தப் பாடத்திலும் வருவதில்லை. சுதந்திரத்துக்கும் மங்கள இசை சிறிய எழுத்துத்தான்.

நம் ஊர்க்காரர்கள் தாமதமாக வருவதில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. இன்றைய கர்நாடக இசைக் கச்சேரியின் அமைப்பை வகுத்தவர் என்று வித்வான்கள் எல்லாரும் கைகாட்டுவது அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை. 1890இல் பிறந்தவர், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். நீண்ட ராக ஆலாபனையும் பல்லவியும் பொழுதை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், முதலில் ஒரு வர்ணம், பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், அதற்கப்புறம் கனமானவை, கடைசியில் துக்கடா என்று அவர் வரிசைப்படுத்தினார். அதாவது, தொடக்கம் சரியாக அமைந்தால்தான் கச்சேரி நிற்கும் என்று கண்டு சொன்ன மனிதர் நம் பக்கத்துக்காரர். அந்த வர்ணம் முடிந்த பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறவர்களும் நம் பக்கத்துக்காரர்களே. சென்னை மட்டும் என்ன வாழ்கிறது? மியூசிக் அகாடமியின் டிசம்பர் சீசனில் பகல் நேரக் கச்சேரி இளையவர்களுக்கு ஒதுக்கப்பட்டது, அனுமதி இலவசம். அந்த வேளையில் கேண்டீனில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் ரவா தோசைக்குத்தான் கச்சேரி பக்கவாத்தியம் என்று தோன்றும்.

இங்கே ஒருவர் கையை உயர்த்துவார். முன்னால் பாடுகிறவர் அவ்வளவு நல்ல பாடகர் என்றால் அவரையே 9 மணிக்குப் போட்டிருப்பார்களே என்பார். நியாயமான கேள்வி, ஆனால் 9 மணியை முடிவு செய்வது பாட்டு இல்லை, பெயர். 1967இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்காவில் ‘தி மங்கீஸ்’ என்ற குழுவுக்கு முன்னால் மேடையேறினார். தொலைக்காட்சியில் பார்த்த பையன்களுக்காக வந்திருந்த சிறுமிகள் அவர் வாசிக்க வாசிக்கத் தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சில நிகழ்ச்சிகளோடு ஹெண்ட்ரிக்ஸ் விலகிக்கொண்டார். கிட்டார் வாசிப்பில் அவரைத் தாண்டி யாரும் இல்லை என்று உலகம் பிறகு சொன்னதை, கையில் டிக்கெட்டோடு முன்வரிசையில் இருந்தவர்கள் இரைச்சல் என்று நினைத்தார்கள். சரி, ஓர் இளையராஜாவுக்கு எதிரே ஆயிரம் அபஸ்வரங்களைக் கேட்கவேண்டி வருமே என்றால், வரும், மறுக்கவில்லை. ஆனால் பெயர் பெற்றவர் ஊர் ஊராக ஒரே பதினைந்து பாட்டைப் பாடிவிட்டு, பாதியில் மைக்கை நம் பக்கம் நீட்டி மீதியை நம்மையே பாடச் சொல்வதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். புதியவருக்கு அந்த வசதி இல்லை. அவர் பாட்டின் அடுத்த வரி அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, ஆகவே முழுப் பாட்டையும் அவரேதான் பாடியாகவேண்டும். தவிரவும், பிரமுகர்கள் வரும்வரை முன்வரிசை சோபா காலியாக இருக்கும்.

புதுப் பாடகர்களைத்தான் கைபேசி காட்டுகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். கைபேசி காட்டுவது நமக்கு ஏற்கெனவே பிடித்ததன் சித்தப்பா மகனை. விழாக் கமிட்டிக்கு நம் ரசனை பற்றி எந்தக் கவலையும் கிடையாது. 7 மணிக்கு யாரைப் போடுவது என்பதைச் செயலாளரின் மைத்துனர் உறவு, பெரிய உபயதாரர் ஒருவரின் பரிந்துரை, கடைசி நேரத்தில் வராமல் போனவருக்குப் பதில் அகப்பட்டவர் என்ற மூன்று விதிகள் முடிவு செய்கின்றன. நம் விருப்பத்தைத் துளியும் மதிக்காத ஏற்பாடு என்பதால்தான் நாம் நினைத்தும் பார்க்காத ஒரு குரல் அங்கே கேட்கிறது. சிபாரிசினால் கலை வளர்ந்த இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த 7 மணிதான்.

நோட்டீஸில் 5 மணி என்று போட்டுவிட்டு ஏழரைக்குத் தொடங்கினால் சீக்கிரம் போய் என்ன செய்வது என்று கேட்பவருக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழா நேரக் கண்டிப்புக்குப் பெயர் பெற்றது. அதே காரைக்குடியில்தான் மற்ற மேடைகளும் இருக்கின்றன என்பது ஆராயத்தக்கது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரமும் வீணில்லை. மைக்செட்காரர் போடும் பாட்டு இருக்கிறது; அவருடைய ரசனை பல வானொலி நிலையங்களைவிட மேல்.

இதைப் படித்து எல்லாரும் 5 மணிக்கே வந்துவிட்டால் கமிட்டி பிரபலத்தை 5 மணிக்கு மாற்றிவிடுமே என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். மாற்றும். நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ஏறக்குறைய அது நடந்தே விட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய ‘வள்ளி திருமண’த்துக்கு இரவு பத்து மணிக்கு மேல் கூட்டம் நெரிவது, முதலில் வருகிற பபூனுக்கும் அவரோடு ஆடுகிற டான்ஸ் காமிக்குக்கும்தான். முருகன் வந்து வள்ளியோடு தர்க்கம் தொடங்கும்போது ஊரில் பாதி பாயைச் சுருட்டியிருக்கும், மீதி அதன்மேல் படுத்திருக்கும். அந்த ஊர்களில் நல்ல பாட்டுக் கேட்க விரும்புகிறவர் விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு போகவேண்டும்.