படிக்கொரு படம்

திருத்தணி போய் வந்து ஸ்டேட்டஸ் வைப்பவரின் கதை திருத்தணியில் தொடங்காது. வீட்டுப் பூட்டில் தொடங்கும். அப்புறம் கார் முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம், திருவள்ளூர் தாண்டி ஒரு காபி, அந்தக் காபியின் நுரை தனியாக. ஒருவழியாக மலை வரும். மலைக்குப் படி 365, வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பது ஐதீகம். டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் பக்தர்கள் படிதோறும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுவார்கள். நம்மவரும் ஒரு படியை விடமாட்டார், படிக்கொரு படம். எல்லாவற்றையும் செயலியில் கோத்து, படத்துக்கு ஐந்து விநாடி ஒதுக்கி, பின்னணியில் கந்த சஷ்டி கவசத்தை ஓடவிட்டு, ‘எங்கள் தணிகைப் பயணம்’ என்று தலைப்பையும் மின்னவிடுவார். கணக்குப் போட்டால் படிகளுக்கு மட்டும் அரை மணி நேரம். அதற்குள் நடந்தே மேலே போய்த் தேங்காய் உடைத்துவிடலாம்.

எதை விடுவது என்று தெரிந்தால்தான் கதை. இவருக்கு விடத் தெரியாது. ஒரே படியில் கண் மூடிய படம், கண் திறந்த படம், யாரோ குறுக்கே வந்த படம் மூன்றும் இருக்கும். இத்தனைக்கும் விடத் தெரிந்த தலம் அது. கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் அமர்க்களப்படும். முருகன் கோபம் ஆறி வந்து அமர்ந்த மலை என்பதால் திருத்தணியில் அது கிடையாது, புஷ்பாஞ்சலிதான். முருகன் கதையிலேயே பெரிய சண்டைக் காட்சியை அந்தக் கோயில் வேண்டாமென்று வைத்திருக்கிறது. இவரால் ஒரு காபி நுரையை விட முடியவில்லை. இவர் கதையில் விடுபடுவது முருகன் ஒருவர்தான். அதுவும் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவின் புண்ணியம்.

மூட்டு வலியால் படியேற முடியாத பாட்டிக்காகத்தானே எடுக்கிறார் என்று பரிந்து பேசுவார்கள். மலை உச்சிவரை வண்டிப் பாதை இருக்கிறது. பாட்டியை உட்கார வைத்தே கூட்டிப் போயிருக்கலாம். போகட்டும், பாட்டிக்குக் காட்டுவதாவது என்ன? படங்களுக்கு நடுவே செருகிய வீடியோவில் பேரன் முதுகைக் காட்டி மெதுவாக நடந்து போவதை. தான் பளிச்சென்று விழ வேண்டும் என்று பின்னாலிருப்பதையெல்லாம் மங்கலாக்கிவிடுகிறார். அந்த மங்கலுக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தால், சந்தனம் பூசிய புது மொட்டையோடு ஒரு குழந்தை அம்மா தோளில் கிடந்து வீறிட்டு அழுவது தெரியும். 1960 ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்த ஊர் திருத்தணி. நகரி, சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லைக் கோட்டைப் பார்த்தா மலையேறுகின்றன? அந்தத் தாய் தெலுங்கில் அதட்டுகிறாள், பக்கத்துப் பூக்காரம்மா தமிழில் சமாதானம் சொல்கிறாள். இரண்டே விநாடி. மொத்த வீடியோவில் திருத்தணி அங்கேதான் இருக்கிறது. தெரியாமல் எடுத்ததுதான் என்றாலும் இதற்காக அவரைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

ஆடிக் கிருத்திகையன்று அப்படி மன்னிக்கவும் முடியாது. கல் படி காலைச் சுடும். புஷ்பக் காவடி சுமந்தவர்கள் வெறுங்காலோடு வரிசையாக ஏறி வரும்போது இவர் நடுப்படியில் நின்று, “சரியா விழலை, இன்னொரு தடவை ஏறி வர்றேன்” என்று நாலு படி கீழே இறங்குவார். காவடிக்காரர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். இது விளையாட்டல்ல, அராஜகம். பின்னாலிருந்து யாராவது “ஜருகண்டி, ஜருகண்டி” என்று கத்துவார்கள். திருப்பதியில் அந்தச் சொல் காதில் விழுந்த உடனே நகர்ந்து பழகியவர், இங்கே அசையமாட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த ஜருகண்டியை மட்டும் கச்சிதமாக வெட்டிவிட்டுக் கவசத்தின் சத்தத்தைக் கூட்டிவைப்பார்.