பார்த்த மாமா

பினாங்கு சூலியா தெருவில் குடை தொலைந்தாலும், பல்செட் தொலைந்தாலும், கடன் வாங்கியவனே தொலைந்தாலும் முதலில் மாமாவிடம்தான் கேட்பார்கள். கேட்காமல் போனால் கூப்பிட்டுச் சொல்வார். அவர் பார்த்திருப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ஐ.சி. அட்டையில் இருக்கிறது. தெருவில் அவர் பார்த்த மாமா. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து நேரே தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிடுவார். கடை வரிசைக்கு முன்னால் கூரைக்கடியில் ஓடும் நடைபாதையை இங்கே அஞ்சடி என்போம். அந்த அஞ்சடியில், தூணுக்கு இடப்பக்கம் போட்ட சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி அவருடையது. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். எதிரே நின்று அந்த ஆளையே பார்ப்பார். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் தாங்கியதில்லை.

அந்த நாற்காலியிலிருந்து அவர் பார்த்தவை கொஞ்சமல்ல. நடிகர் பி. ரம்லி இந்தக் கடையில் தேத்தண்ணி ஆற்றிக் குடித்ததைப் பார்த்திருக்கிறார். 1973-இல் ரம்லி மறைந்தபோது மாமாவுக்கு வயது நாலு. அதையெல்லாம் எடுத்துச் சொல்லும் அளவுக்கு இந்தத் தெருவில் மரியாதை கெட்டவர்கள் இல்லை. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததே, அதற்கு முன் யாருக்கும் தெரியாமல் வந்து தெருவை அளந்துவிட்டுப் போன வெள்ளைக்காரரைப் பார்த்தவரும் இவர்தான். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதாக ஒரு பாடபேதமும் உண்டு. சீனர்கள் இந்தத் தெருவை இன்னும் ‘கூ கான் தாங்’ என்கிறார்கள். மாட்டுக் கொட்டில் என்று அர்த்தம். மாடுகள் எப்போதோ போய்விட்டன. மாமாவைக் கேட்டால் கடைசி மாடு எந்தப் பக்கம் போனது என்று சொல்வார்.

அவரைப் பொய்யர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ‘பாக்கல’ என்ற சொல் அவருக்கு வராது, அவ்வளவுதான். வாசலுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது போல அவருக்கு அது. நாலு தலைமுறையாக நாசி கண்டார் போட்டுக் கொடுத்த குடும்பம். சோறு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

எங்கள் பூனை காணாமல் போனது ஒரு மழை இரவில். பழுப்பு நிறம், வளைந்த வால், மூன்று வயது. மறுநாள் காலை நான் அஞ்சடியில் குனிந்து குனிந்து பார்த்தபடி போனேன்.

“என்ன தம்பி, மூஞ்சி வாடிக் கெடக்கு? பசியாறியாச்சா?”

“பூனையக் காணோம் மாமா.”

“மஞ்சப் பூனையா?”

“பழுப்பு மாமா.”

“அதான். வெயில்ல மஞ்சளாத் தெரிஞ்சுச்சு. வால் கொஞ்சம் வளஞ்சிருக்குமே?”

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. “ஆமா மாமா!”

“பாத்தேன்.”

காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்தது, வெயிலே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வாலில் விழுந்துவிட்டேன். பினாங்கில் வளைந்த வால் ஓர் அடையாளமா? மலாய்த் தீவுகள், சயாம், பர்மா முழுவதும் பூனைகளுக்கு வால் பாதிதான், நுனியில் முடிச்சுப் போட்டாற்போலவும் இருக்கும் என்று டார்வின் 1868-ஆம் வருடப் புத்தகத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். மீசை வைத்த தமிழர் ஒருவர் இந்தப் பக்கம் போனாரா என்று கேட்டால் எந்த ஊரில்தான் இல்லை என்பார்கள்?

மாமா முதலில் அனுப்பியது நாகூர் தர்காவுக்கு. கிங் தெரு முனையில் இருக்கும் பழைய தர்கா. அங்கே ஒரு பூனை இருந்தது, கறுப்பு. திரும்பி வந்து சொன்னேன். “நெழல்ல இருந்திருக்கும்” என்றார். அடுத்து சியூ ஜெட்டி. மீன் வாசத்துக்குப் போயிருக்கும், என் கண்ணாலேயே பார்த்தேன், பலகைமேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றார். சூலியா தெருவை விட்டு எழுந்திருக்காதவர் எப்படி ஜெட்டியில் பார்த்தார் என்று கேட்கத் தோன்றும். பூனையைத் தொலைத்தவனுக்குத் தோன்றாது. போனேன். பலகை இருந்தது, கடலும் இருந்தது.

மூன்றாம் நாள் சொன்னதுதான் உச்சம். “ஆர்மேனியன் தெருப் பக்கத்துச் சந்துல, செவத்தோரமா. நல்லா சாப்பிட்டிருக்கு தம்பி. ஒடம்பு பெருத்துப்போச்சு.” ஓடினேன். சந்தில் ஒரு பூனை இருந்தது. மதில் உயரத்துக்கு இருந்தது. 2013-இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக, தெருப் பிராணிகளின் சார்பில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து நகரத்துச் சுவர்களில் வரைந்தார்களே, அந்த வரிசையில் ஒன்று. அந்த வரிசைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தொலைந்த 101 பூனைக்குட்டிகள்’. ஆக, தொலைந்த பூனை என்ற அளவில் மாமா சொன்னது சரிதான். சுற்றுலாக்காரப் பெண் ஒருத்தி என் கையில் கைப்பேசியைத் திணித்து, பூனையோடு சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டுவிட்டேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நபித் தோழர் அபூ ஹுரைரா பேர்லயே பூனைக்குட்டி இருக்கு தம்பி. பூனக்கு ஒண்ணுன்னா நாம சும்மா இருக்க முடியுமா?” என்றார். அந்தப் பெயருக்குப் பூனைக்குட்டியின் தந்தை என்றுதான் பொருள். என்ன சொல்ல முடியும்? அவருக்கும் சேர்த்துத் தேத்தண்ணிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

இரவுகளில் வேறு ஒரு சங்கடம். பூனைக்குப் பெயர் வைத்தவள் என் மகள். நிறத்தைப் பார்த்து ‘கோப்பி’ என்று வைத்துவிட்டாள். பத்து மணிக்கு மேல் சூலியா தெருவில் வான்தான் மீ வண்டிகள் புகைந்துகொண்டிருக்கும், முதுகுப்பைக்காரர்கள் மேசை மேசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான் ‘கோப்பி, கோப்பி’ என்று கூவிக்கொண்டு போவேன். மூன்று கடைக்காரர்கள் ‘ஓ-வா, பால் போட்டதா?’ என்று கேட்டார்கள். ஒருவர் கொண்டுவந்தே வைத்துவிட்டார். குடித்தேன். தூக்கம் எப்படியும் இல்லை.

நாலாம் நாள் மகள் ஒரு கணக்கோடு வந்தாள். பூனையைத் தொலைத்த 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்களாம். கிடைத்த பூனைகளில் நூற்றுக்கு 75, காணாமல் போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் ஏழு நாளைக்குள் உயிரோடு கிடைத்துவிட்டன. அடுப்படியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து வரைபடத்தின்மேல் கவிழ்த்து வட்டம் போட்டாள். எங்கள் வீடு லவ் லேன் முனைக்குப் பக்கம். சியூ ஜெட்டி தட்டுக்கு வெளியே விழுந்தது. “பயந்த பூனை ஓடாதுப்பா. ஒளிஞ்சுக்கும். கூப்பிட்டாக்கூடச் சத்தம் காட்டாது. நீங்க போடுற சத்தத்துல இன்னும் உள்ளதான் போகும்” என்றாள். பெயர் வைத்தவள் நீ என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன்.

இங்கே ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு ஆ போ. எண்பது வயதுச் சீனக் கிழவி. முதல் நாளே அவரிடமும் கேட்டிருந்தேன். கதவை ஒரு சாண் திறந்து, “தா நம்பாக்” என்றார். பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். தெரு முழுக்கக் கேட்டதில் பார்க்கவில்லை என்று சொன்ன ஒரே ஆள். ஈரமில்லாத மனுஷி என்று வீட்டில் வந்து சொன்னேன்.

ஐந்தாம் இரவு மூன்று மணிக்கு அவர்தான் எங்கள் கதவைத் தட்டினார். பழைய பனியன், கையில் டார்ச், மறு கையில் சாவிக்கொத்து. “தா நம்பாக்” என்று மறுபடியும் ஆரம்பித்தார். “தாப்பி, டெங்ஙார்.” பார்க்கவில்லை, ஆனால் கேட்டது.

ஆ போ வீட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைவீடு பூட்டிக்கிடந்தது. சொந்தக்காரர்கள் ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாவி ஆ போவிடம். இந்தக் கடைவீடுகளெல்லாம் முன்பக்கம் ஒடுங்கி, உள்ளே ரயில்பெட்டி மாதிரி நீண்டு போகும். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர், வரிசை முழுவதுக்கும் ஒட்டினாற்போல் ஓட்டுக்கூரை, வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றம். மழையில் கோப்பி கூரைமேல் ஓடி வழுக்கி அந்த முற்றத்துக்குள் விழுந்திருக்கிறது. ஏறிவரப் பிடிமானம் இல்லை. தொட்டியில் மழைத்தண்ணீர் இருந்தது. என்ன தின்றது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அந்த வீட்டில் இப்போது எலி குறைவு என்று பிறகு கேள்விப்பட்டேன். மாடிப்படிக்கு அடியில் இரண்டு கண்கள் டார்ச் வெளிச்சத்தில் பச்சையாக மின்னின. தெரு அடங்கி, வண்டிக்காரர்கள் வீடு போய், நானும் கூவி ஓய்ந்த பிறகுதான் அது முதல் குரல் கொடுத்திருக்கிறது. எங்கள் வாசலிலிருந்து அந்த வாசலுக்கு எட்டி வைத்தால் பதினைந்து அடி எடுத்துவைக்க வேண்டும்.

விடிந்ததும் அஞ்சடியில் மாமாவைச் சுற்றி ஐந்தாறு பேர். “மொத நாளே சொன்னேன். பக்கத்துலதான், ஒசரத்துலதான்னு. தம்பிக்குப் பொறுமையில்ல, ஜெட்டிக்கு ஓடிட்டாப்ல.” எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். அன்றைக்கு அவர் குடித்த இரண்டு தேத்தண்ணியும் என் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. ஆ போவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவை ஒரு சாண் திறந்து வாங்கிக்கொண்டார்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். அந்த ஐந்து நாளில் தூண்களில் ஒட்டிய தாள்களில் ஒன்றைக் கிழிக்க மறந்துவிட்டோம். மழையில் எழுத்தெல்லாம் கரைந்து பூனைப் படம் மட்டும் மிச்சம். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மீன் முள்ளுக்காக என் பின்னாலேயே வந்த கோப்பி நாற்காலிக்கடியில் சுருண்டிருந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தத் தாளை வெகுநேரம் படித்தார்.

“யாரு வீட்டுப் பூனையோ, பாவம். காலைலதான் பாத்தேன் தம்பி.”

“எங்க மாமா?”

“பட்டர்வொர்த் போற ஃபெரில. சனத்தோட சனமா ஏறிக்கிச்சு.”

சொன்ன தோரணையில், நானே ஒருமுறை குனிந்து நாற்காலிக்கடியில் பார்த்துக்கொண்டேன்.