வட்டகொடையில் இருந்தபடியே சீனி காவும் புரதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

தேவையானவை: ஒரு கணினி, ஒரு பிளேன்டீ, கொஞ்சம் அவசரம். ஆய்வுகூடம் வேண்டாம். பற்றீரியாகூட வேண்டாம், அதன் மரபணு வரிசையை யாராவது வாசித்து இணையத்தில் போட்டிருப்பார்கள். ஒரு ஸ்டேசன் தள்ளித் தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, நுண்ணுயிர் தெரிந்த ஒருவரைக் கேட்டால் என்ன என்று மனம் இழுக்கும். போகாதீர்கள். தெரிந்தவரைக் கேட்டால் வேலை நீளும்.

முதலில் உங்கள் பற்றீரியாவிலிருந்து ஒரு புரதத்தை எடுங்கள். நானூறு, ஐந்நூறு அமினோ அமில நீளம் என்றால் தோதாக இருக்கும். ஈ.கோலையின் லக்டோசு காவியான லாக்-வைக்கு 417. அதே கிருமியின் சைலோசு காவியான சைல்-ஈக்கு 491. நம் செங்குருதிக் கலத்துக்குள் குளுக்கோசை விடும் குளூட்-1க்கு 492. வரிசையை 1990இல் வந்த பிளாஸ்ட் என்ற கருவியில் ஒட்டுங்கள். மழைக்கு சிக்னல் போகாமல் இருந்தால் சற்று நேரத்தில் அதை ஒத்த புரதங்களின் பட்டியல் ஒன்று வரும். முதல் வரியில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே உங்கள் புரதத்துக்கும் வையுங்கள். "இருக்கலாம்" என்று பக்கத்தில் போட்டிருந்தால் அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும்.

அந்த முதல் வரிக்குப் பெயர் வைத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டாம். அவரும் இன்னொரு முதல் வரியைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். தோட்டத்துச் செக்ரோலில் ஒருநாள் பிழையாக விழுந்த பெயர் பிறப்புச் சான்றிதழுக்குப் போய், பள்ளிக்கூட இடாப்புக்குப் போய், கடைசியில் அடையாள அட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஆளே வந்து "அது நான் இல்லை" என்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். புரதத்துக்கு வாயும் கிடையாது. இன்னொன்றும் நமக்குப் பழக்கம்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பன் எங்கே பிறந்தான், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டதே ஒழிய, நீ மலையில் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை. வரிசை ஒப்பீடும் வம்சத்தைத்தான் விசாரிக்கும், தொழிலை அல்ல.

அடுத்து ஈ-மதிப்பு. இந்த அளவு ஒற்றுமை தற்செயலாக எத்தனை தடவை வரக்கூடும் என்ற கணக்கு அது. தேடும் களஞ்சியம் பெருத்தால் அதுவும் மாறும். மென்சவ்வுக்குள் புதைந்து கிடக்கும் புரதங்களில் லியூசின், ஐசோலியூசின், வலின் போன்ற, தண்ணீருக்கு ஒவ்வாத அமிலங்கள் நிறைந்திருப்பதால், உறவே இல்லாத இரண்டுகூடச் சொந்தக்காரர் மாதிரித் தெரியும். இதையெல்லாம் யோசித்தால் தேத்தண்ணி ஆறிவிடும். எண் சிறிதாக இருக்கிறதா, அது போதும்.

யாராவது ஆதாரம் கேட்டால் 1987ஐச் சொல்லி வாயை அடையுங்கள். அந்த ஆண்டு மெய்டன், ஹென்டர்சன் முதலானோர் நேச்சர் இதழில், ஈ.கோலையின் அரபினோசு, சைலோசு காவிகளும் மனிதனின் குளுக்கோசு காவியும் ஒரே வம்சம் என்று வரிசை ஒப்பீட்டாலேயே காட்டினார்கள். கிருமிக்கும் மனிதனுக்கும் ஒரே பாட்டன்! நிஜமாகவே அழகான கண்டுபிடிப்பு. ஆனால் அந்தக் காவிகள் எதைக் காவுகின்றன என்பது ஒப்பிடுவதற்கு முன்பே சோதனையில் தெரிந்திருந்தது என்ற விவரத்தை மட்டும் நைசாக விட்டுவிடுங்கள்.

2012ஐ மறந்தும் எடுக்காதீர்கள். சைல்-ஈயின் முப்பரிமாண அமைப்பு அந்த ஆண்டுதான் வெளியானது. குளூட்-1ஓடு அதற்குச் சுமார் 29 சதவீத அமிலங்கள் அப்படியே பொருந்துகின்றன. குளுக்கோசு அதன் குழிக்குள் வந்து ஒழுங்காக உட்காரவும் செய்கிறது. ஆனால் அந்தப் புரதம் குளுக்கோசை உள்ளே கொண்டுபோவதில்லை. வந்து அமர்ந்த குளுக்கோசு சைலோசின் வழியை அடைப்பதுதான் மிச்சம். முதல் வரியை நம்பி "குளுக்கோசு காவி" என்று எழுதியவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

சீனிச் சங்கதியும் அப்படித்தான். லாக்-வையின் நெருங்கிய சொந்தமான சி.எஸ்.சி-பி, நாம் தேத்தண்ணியில் போடும் அதே சீனியைக் காவும். லாக்-வை அதைத் தொடாது. மறுபக்கம், யோகட் உறைய வைக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸ் கிருமியைப் பாருங்கள். அதன் லாக்-எஸ் லக்டோசை உள்ளே எடுத்து, உடைத்தபின் தனக்கு உதவாத கலக்டோசை அதே வழியாக வெளியே தள்ளும். லாக்-வையும் காவுவது லக்டோசைத்தான், ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய வரிசை ஒற்றுமை கிடையாது. லாக்-எஸ் மெலிபயோசு காவியின் பக்கத்து ஆள். அம்பேவெலப் பாலில் உறைந்த யோகட்டிலும் இதே கதைதான்.

மோல்டோசு காவும் புரதக் கூட்டமைப்பிலிருந்து, சக்திக்காக ஏ.டி.பி.யை உடைக்கும் துண்டை மட்டும் எடுத்து யாரும் தேடிவிட வேண்டாம். அமினோ அமிலம் காவும் கூட்டத்திலும் உலோகம் காவும் கூட்டத்திலும் ஏறக்குறைய இதே துண்டு இருக்கும். எல்லாவற்றையும் சீனிக்கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

இவ்வளவு படித்தும் மனச்சாட்சி உறுத்துகிறதா? அப்படியானால் கஷ்டமான வழிதான் மிச்சம். அந்த மரபணுவை நீக்கிய கிருமியை வளர்த்து, கதிரியக்கக் கார்பன் ஏற்றிய சீனியைக் கொடுத்து, எவ்வளவு உள்ளே போனது என்று அளக்க வேண்டும். மரபணுவைத் திருப்பி வைத்து மறுபடி அளக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் புரதத்தின் பெயருக்குக் கீழே "ஒப்பீட்டில் மட்டும், சோதிக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதி வையுங்கள், உங்களுக்குப் பிறகு அதே பட்டியலைத் திறப்பவர் பிழைத்துக்கொள்வார்.